பாத்ரூம் ஒன்று, நாள் நாற்பது: காலண்டர் தாளில் போட்ட வலைப்படம்

எங்கள் வீட்டில் பாத்ரூம் ஒன்றுதான். குளிப்பதும் மற்றதும் அதே 5 அடிக்கு 7 அடி அறையில். கட்டி முப்பது வருடம் ஆகிறது. தரையோடு பதித்த பழைய கிளாசெட், இடுப்பளவு வெள்ளை டைல்ஸ், அந்தச் சுவரின் மறுபக்கம் ஹாலில் ஆள் உயரத்துக்கு ஓதம். வருடா வருடம் பெயிண்ட் அடிப்போம், வருடா வருடம் அது பொரிந்து உதிரும்.

தங்கைக்கு ஆவணி 14, வெள்ளிக்கிழமை வளைகாப்பு என்று நாள் குறித்தார்கள். அதற்கப்புறம் பிரசவம் வரை அவள் இங்கேதான். அந்த வயிற்றோடு குத்துக்காலிட்டு உட்கார முடியாது, வெஸ்டர்ன் வைத்தே ஆக வேண்டும். வைப்பதுதான் வைக்கிறோம், ஒழுகலையும் சேர்த்துப் பார்த்துவிடலாம் என்று ஆரம்பித்தேன். ஆடி 6 திங்கட்கிழமை வேலை தொடங்கினால் வளைகாப்பு சரியாக 40-ஆம் நாள். ஆடியில் கொத்தனார் கிடைப்பதும் சுலபம். புது வீட்டு வேலைகள் அவ்வளவாகத் தொடங்காத மாதம்.

கொத்தனார் வந்து பார்த்தார். சுவரில் நாலு இடத்தில் விரல் மடக்கித் தட்டினார். "பதினஞ்சு நாள்ல முடிச்சிரலாம் தம்பி" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பக்கத்துத் தெருவில் இதே மாதிரி ஒரு வேலைக்கு இன்னொருவர் சொன்னதும் பதினைந்து நாள்தான். அங்கே இரண்டு மாதம் ஓடியது.

கல்லூரியில் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் என்று ஒரு பாடம் படித்திருக்கிறேன். அதில் எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்று காட்டுகிற நெட்வொர்க் வரைபடம் என்றால் 16 மதிப்பெண் கேள்வி. வட்டம் போட்டு, அம்பு போட்டு, நீளமான பாதையைக் கண்டுபிடித்து, அடியில் இரண்டு கோடு இழுத்துவிட்டு வந்தால் மதிப்பெண் உறுதி. அதற்கப்புறம் இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட நான் அதைத் தொட்டதில்லை. கணக்குப் பிரிவில் இருப்பவனுக்கு அது தேவைப்பட்டதும் இல்லை. இந்தத் தடவை போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது.

மளிகைக் கடையில் கொடுத்த பெரிய மாதக் காலண்டரில் முடிந்துபோன மாதங்களைக் கிழித்து, இரண்டு தாளைப் பின்பக்கம் மேலே வருகிற மாதிரி ஒட்டினேன். பழைய கல்யாணப் பத்திரிகைகளின் உறைகளைச் சீட்டுக்கட்டு அளவுக்கு வெட்டிக்கொண்டேன். ஒரு வேலைக்கு ஒரு சீட்டு. கல்லூரியில் அம்பையே வேலையாக வைத்துப் போடச் சொல்லித் தருவார்கள். அதில் இடையிடையே 'டம்மி' அம்பு என்று ஒன்று வரும், வகுப்பில் பாதிப் பேர் அங்கேதான் கோட்டை விடுவோம். சீட்டு வேலை, அம்பு வெறும் உறவு என்று வைத்துக்கொண்டால் அந்தத் தலைவலி இல்லை. சீட்டு என்பதால் இடம் மாற்றவும் வசதி. எக்செல்லில் போட்டிருக்கலாமே என்று ஆபீஸ் நண்பர் கேட்டார். பட்டைப் பட்டையாக வருகிற அந்தப் படத்தில் எந்த வேலை என்றைக்கு என்று தெரியும், ஏன் அன்றைக்கு என்று தெரியாது. எனக்கு வேண்டியது அந்த 'ஏன்'.

சீட்டுகளைப் பரப்பிக்கொண்டு ஒவ்வொன்றையும் ஒரே கேள்வி கேட்டேன்: இதைத் தொடும் முன் எதெல்லாம் முடிந்திருக்க வேண்டும்? எது முடிந்தால் நல்லது என்பதல்ல, எது முடியாவிட்டால் இதைத் தொடவே முடியாது என்பது. கேட்கச் சின்னக் கேள்விதான். எனக்கு அதற்குப் பாதிப் பதில்கூடத் தெரியவில்லை. மூன்று பேரிடம் கேட்டு வாங்கினேன்.

பிளம்பர் ஒரு அம்பு கொடுத்தார். கிளாசெட், வாஷ்பேசின் எல்லாம் கடைசியில் வாங்கினால் போதும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். "மாடல் தெரியாம எப்படிண்ணா பைப்பை விடறது?" என்றார். தரையில் இறங்குகிற கிளாசெட்டுக்கு, சுவரிலிருந்து கழிவுக் குழாயின் நடு வரை 9 அங்குலமா 12 அங்குலமா என்பது மாடலுக்கு மாடல் மாறும். அதுவும் டைல்ஸ் ஒட்டின பிறகு நிற்கும் சுவரிலிருந்து அளக்க வேண்டும். பூச்சு, பசை, டைல்ஸ் எல்லாம் சேர்ந்து ஒன்றரை அங்குலம் முன்னால் வந்துவிடும். ஆக 'கிளாசெட் வாங்குதல்' என்ற சீட்டு தாளின் வலது ஓரத்திலிருந்து இடது ஓரத்துக்கு வந்தது.

கொத்தனார் ஒன்று கொடுத்தார்: பூச்சுக்கு முன் கதவு நிலை நின்றிருக்க வேண்டும். பழைய மர நிலை அடியில் உளுத்துப் போயிருந்தது, அதனால் மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்கிற டபிள்யூபிசி நிலைக்கு ஆர்டர் கொடுப்பதாக இருந்தோம்.

மூன்றாவது அம்மா. சீட்டை எல்லாம் ஒருமுறை பார்த்துவிட்டு, "எல்லாம் சரிடா, உடைச்சதுக்கப்புறம் நாம எங்க போறது?" என்று கேட்டாள்.

முதல் சீட்டே இல்லாமல் படம் போட்டிருக்கிறேன். கொல்லைப்புறத்தில் தாத்தா காலத்துக் கழிப்பறை ஒன்று, விறகும் தேங்காய் மட்டையும் அடைந்து கிடந்தது. அதைக் காலி செய்து, கழுவி, தண்ணீர் இழுத்து, விளக்கு போட்டுப் புழக்கத்துக்குக் கொண்டுவர 2 நாள். அது முடியாமல் பாத்ரூமில் சுத்தியல் வைக்க முடியாது. அந்தச் சீட்டை அம்மா கையாலேயே ஒட்டினாள்.

அப்புறம் நாட்கள். கொல்லைக் கழிப்பறை 2, உடைப்பு 3, குழாய் பதிப்பு 3, குழாய்க்கு அழுத்தச் சோதனை 1. எலக்ட்ரிக் காடி வெட்டி பைப் போட 1. இதற்கு உடைப்பு முடிந்தால் போதும், குழாய்க்காகக் காத்திருக்க வேண்டாம். கதவு நிலை, உடைத்தபின் அளவு எடுத்து ஆர்டர் கொடுத்தால் 8. பூச்சு 2. பூச்சு நனைந்து இறுக 7. நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கோட் 2. அது காய 3, தண்ணீர் தேக்கிப் பார்க்க 2, இரண்டையும் ஒரே சீட்டில் 5 என்று போட்டேன். சுவர் டைல்ஸ் 3. தரை டைல்ஸ் ஒட்ட ஒரு நாள், மிதிக்காமல் விட ஒரு நாள், 2. இடைவெளி அடைக்க 1. கிளாசெட், பேசின், குழாய்கள் மாட்டி, சிலிக்கான் காய 2. கழுவித் துடைக்க 1. பக்கவாட்டில் டைல்ஸ் தேர்வும் வரவும் 11, கிளாசெட் வாங்க 2, கதவு மாட்ட 1.

சீட்டின் மேல் வரிசையில் மூன்று எண்: சீக்கிரமாக எப்போது தொடங்கலாம், எத்தனை நாள், எப்போது முடியும். இடமிருந்து வலமாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டியது. ஒரு சீட்டுக்குள் இரண்டு அம்பு வந்தால் பெரிய எண்ணை எடுக்க வேண்டும், ஏனென்றால் கடைசியாக வருபவனுக்காகத்தான் எல்லோரும் காத்திருக்க வேண்டும். கடைசிச் சீட்டில் வந்த எண் 38. பிறகு வலமிருந்து இடமாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். எவ்வளவு தாமதமாகத் தொடங்கினாலும் 38 கெடாது என்ற கணக்கு. இரண்டு அம்பு பிரிகிற இடத்தில் இப்போது சின்ன எண். கீழ் வரிசையில் அவை.

உதாரணத்துக்குக் குழாய் பதிப்பு. மேலே 5, 3, 8. கீழே 9, 4, 12. ஐந்து நாள் கழிந்ததும் தொடங்கலாம். ஒன்பது நாள் கழித்துத் தொடங்கினாலும் மோசமில்லை. நடுவில் உள்ள 4-தான் அந்த வேலைக்கு இருக்கும் தாராளம். புத்தகத்தில் ஃப்ளோட் என்பார்கள். டைல்ஸ் வரவுக்கு அந்தத் தாராளம் 18 நாள், அதற்குள் அம்மா தினமும் "டைல்ஸ் கடைக்குப் போகலியா?" என்று துளைத்துக்கொண்டிருந்தாள்.

தாராளம் பூஜ்யமாக இருந்த சீட்டுகளைச் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் இணைத்தேன். புத்தகத்தில் இது கிரிட்டிகல் பாத்: இதில் எது ஒரு நாள் பிந்தினாலும் மொத்த வேலையும் பிந்தும். எங்கள் வீட்டில் அதன் பெயர் அன்றிலிருந்து 'செவப்புக் கோடு'. அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் கொத்தனாரின் பதினைந்து நாள் புரிந்தது. அவர் பொய் சொல்லவே இல்லை. உடைப்பு 3, பூச்சு 2, கோட் 2, சுவர் 3, தரை 1, அடைப்பு 1. மொத்தம் 12. இரண்டு மூன்று நாள் கையிருப்பு சேர்த்துப் பதினைந்து என்றிருக்கிறார். அவர் கை படுகிற நாட்களை எண்ணினார். சுவர் நனைந்து கிடக்கிற நாளும், கோட் காய்கிற நாளும், தண்ணீர் நிற்கிற நாளும் அவர் கணக்கில் வேலையே இல்லை. யாருக்கும் கூலி இல்லாத நாட்கள். தாளில் மட்டும் அவற்றுக்கும் சீட்டு உண்டு, அதுவும் அவர் கை படுகிற வேலைகளைவிடப் பெரிய எண்களோடு.

38 என்பது சும்மா எண்ணிய நாள். ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் வர மாட்டார், ஆனால் பூச்சு ஞாயிறன்றும் இறுகும். அதைக் காலண்டரின் முன்பக்கத்தில் வைத்து எண்ணியதில், கழுவித் துடைப்பது 39-ஆம் நாள் வந்து நின்றது. மறுநாள் காலையில் வளைகாப்பு. ஊரிலிருந்து சித்தி, பெரியம்மா எல்லோரும் 39-ஆம் நாளே வந்து இறங்குவார்கள்.

சிவப்புக் கோட்டில் மறுபடி விரல் வைத்துப் போனேன். கொல்லைக் கழிப்பறை, உடைப்பு, அப்புறம் கோடு குழாய் வழியாகப் போகவில்லை. கதவு நிலை வழியாகப் போயிருந்தது. குழாயும் சோதனையும் 9-ஆம் நாள் முடிந்துவிட, நிலை 13-ஆம் நாள்தான் வருகிறது; நான்கு நாள் எல்லோரும் ஒரு கதவுச் சட்டத்துக்காகக் கையைக் கட்டி நிற்கப் போகிறோம். ஏன்? உடைத்த பிறகுதான் அளவு எடுக்க முடியும் என்று நானே போட்ட ஒரு அம்பு.

கொத்தனாருக்கு போன் போட்டேன். "உடைக்காம அளக்க முடியாதாண்ணே?"

"ஏன் முடியாது? நிலை ஓரமா ரெண்டு பக்கமும் பூச்சைக் கொஞ்சம் கொத்திவிட்டா செங்கல் தெரியும். அளந்துக்கலாம்."

ஒரு அம்பை அழித்து வேறிடத்திலிருந்து போட்டேன். நிலை முதல் நாளே தொடங்கி, அளவுக்கு 1, செய்ய 8, ஆக 9-ஆம் நாள் வரும். மொத்தம் 38-லிருந்து 34. ஞாயிறுகளைச் சேர்த்தால் 36-ஆம் நாள், அதுவும் ஒரு ஞாயிறன்று நீர்த்தடுப்பின் இரண்டாவது கோட்டை நானே அடிப்பதாகக் கணக்கு. ஒரு பைசா செலவில்லாமல் மூன்று நாள் கையிருப்பு கிடைத்தது. ஆனால் இப்போது குழாய்ப் பாதையும் 9, நிலைப் பாதையும் 9. சிவப்புக் கோடு இரண்டாகப் பிரிந்து ஓடி மறுபடி பூச்சில் சேர்ந்தது. முன்பு தாராளமாக இருந்த பிளம்பருக்கு இனி ஒரு நாள்கூட இல்லை. கிளாசெட் வாங்கவும் 7 நாள் இருந்தது 3 ஆகச் சுருங்கியது.

'எட்டு நாள்' என்று கதவுக்காரர் சொன்னதை எவ்வளவு நம்பலாம்? இதற்குப் பழைய பாடத்தில் ஒரு வழி உண்டு. எல்லாம் கூடி வந்தால் எத்தனை நாள், வழக்கமாக எத்தனை, சொதப்பினால் எத்தனை என்று மூன்று எண் கேட்டு, நடு எண்ணை நாலு மடங்காக்கி, மூன்றையும் கூட்டி 6-ஆல் வகுப்பது. அவர் 6, 8 சொன்னார், மூன்றாவதற்குச் சிரித்தார். அவரிடம் வேலை கொடுத்த பக்கத்து வீட்டு மாமாவைக் கேட்டு 16 போட்டேன். 6, 32, 16, கூட்டினால் 54, வகுத்தால் 9. ஒரு நாள் இடிக்கிறது. வேலை தொடங்குவதற்கு முந்தின சனிக்கிழமையே கொத்தனாரை வரவழைத்து, ஓரம் கொத்தி, அளவு எடுத்து ஆர்டர் கொடுத்துவிட்டேன்.

இந்த மூன்று எண் வழி 1958-இல் அமெரிக்கக் கடற்படை, போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவாக்கிய பெர்ட் முறையில் வந்தது. ஏவுகணைக்கு எந்த வேலை எத்தனை நாள் பிடிக்கும் என்று யாருக்கும் முன்னனுபவம் இல்லை, அதனால் மூன்று எண். சிவப்புக் கோட்டு முறை அதற்குச் சற்று முன்னால், 1957-இல், டியூபாண்ட் ரசாயன நிறுவனத்தின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் யூனிவாக் கணினியை வைத்துக்கொண்டு உண்டாக்கியது. எனக்கு இதில் பிடித்தது, ஆரம்ப காலத்தில் அவர்கள் இதை வைத்துப் பார்த்த வேலைகளில் ஒன்று. அமெரிக்காவின் லூயிவில்லில் இருந்த டியூபாண்ட் தொழிற்சாலையைப் பராமரிப்புக்காக அவ்வப்போது மூட வேண்டியிருந்தது. மூடியிருக்கும் ஒவ்வொரு மணியும் நஷ்டம். 125 மணி நேரம் பிடித்த அந்த வேலையைப் படம் போட்டு 93 மணிக்குக் குறைத்தார்கள். மூடிய தொழிற்சாலையும் மூடிய பாத்ரூமும் ஒன்றுதான். உள்ளே எவ்வளவு வேலை நடக்கிறது என்பதல்ல, திறக்க எத்தனை நாள் என்பதுதான் வெளியே நிற்பவர்களின் கவலை.

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் ஐந்து நாள் தாளில் போட்டபடியே போனது. உடைப்பில் 62 சாக்கு குப்பை. ஆறாம் நாள் சனிக்கிழமை பிளம்பர் உள்ளே இறங்கினார். கொத்தனாருக்கு அன்று பாத்ரூமில் இடமில்லை, ஆகவே ஹால் பக்கம் ஓதம் பிடித்த பூச்சைக் கொத்தி எடுத்தார். செங்கல் ஈரமாக, கறுத்துப் போய் இருந்தது. அதைக் காற்றாட விட்டோம்.

10-ஆம் நாள் புதன், அழுத்தச் சோதனை. குழாய் வாய்களை எல்லாம் அடைத்து, கைப்பம்பால் தண்ணீர் ஏற்றி, மீட்டர் முள்ளை 7-இல் நிறுத்தினோம். சாயங்காலம் பார்த்தால் 5. பிளம்பர் ஒன்றும் பேசாமல் டார்ச்சை எடுத்துக்கொண்டு காடி காடியாகத் தடவிக்கொண்டே போனார். கீசர் பாயிண்டுக்குப் பின்னால் ஒரு எல்போ, குழாய் திரும்புகிற இடத்து இணைப்பு. விரலில் ஈரம் ஒட்டியது. கண்ணுக்குத் தெரிகிற சொட்டுகூட இல்லை, வியர்வை மாதிரிக் கசிவு. பூச்சுக்குள் போயிருந்தால் அடுத்த ஆடிக்கு ஹால் சுவரில் வந்து நின்றிருக்கும். அறுத்து, புது எல்போ ஒட்டி, பசை இறுக விட்டு, மறுநாள் வியாழன் மறுபடி பம்பு அடித்தோம். மாலை வரை முள் 7-ஐ விட்டு அசையவில்லை.

ஒரு எல்போ, ஒரு நாள். ஆனால் அது சிவப்புக் கோட்டில் இருந்தது. பூச்சு வியாழன், வெள்ளி நடக்க வேண்டியது, வெள்ளி, சனி ஆனது. சனிக்கிழமை ஆடி 18. திருச்சியில் பதினெட்டாம் பெருக்கன்று யார் கரண்டி பிடிப்பார்? கொத்தனாரும் சித்தாளும் குடும்பத்தோடு அம்மா மண்டபம் படித்துறைக்குப் போய்விட்டார்கள். நாங்களும்தான் சித்ரான்னத்தோடு போனோம். அடுத்தது ஞாயிறு. வெள்ளியன்று சுவர்ப் பூச்சு முடிந்தது, தரை திங்கட்கிழமைக்குப் போனது. திருத்திய திட்டத்தில் ஆடி 18 பூச்சு நனைகிற முதல் நாளில் விழுந்திருந்தது. அன்று கொத்தனார் வராவிட்டாலும் ஒன்றுமில்லை. ஒரு நாள் வழுக்கியதில் அந்த விடுமுறை வேலை நாளில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு நாள் தாமதம் காலண்டரில் மூன்று நாளாயிற்று. இதைப் படம் முன்கூட்டிச் சொல்லாது. அதற்கு வேலைகளின் வரிசை தெரியும், ஆடிப்பெருக்கு தெரியாது. அதன்பின் எல்லாத் திருவிழா நாளையும் தாளின் மேல் ஓரத்தில் பச்சையால் குறித்து வைத்தேன்.

இந்தக் களேபரத்தில் தப்பியவர் கதவுக்காரர். எட்டு நாள் என்று சொன்னவர் வியாழன் மாலைதான் நிலையைக் கொண்டுவந்து இறக்கினார். எல்போ கசியாமல் இருந்திருந்தால் அன்று காலை முழுக்க அவரைத்தான் திட்டிக்கொண்டிருந்திருப்போம்.

திங்கட்கிழமை தரையும், கூடவே ஹால் சுவரும் பூசி முடித்துவிட்டு, "ஊர்ல மாரியம்மன் கோயிலுக்குக் கூழ் ஊத்தறோம் தம்பி, செவ்வாய்லேருந்து நாலு நாள் வரமாட்டேன்" என்றார் கொத்தனார். வேறொரு சமயமாக இருந்தால் எனக்குத் தலை சுற்றியிருக்கும். தாளைப் பார்த்தேன்: நனைப்பு 7 நாள். "போய்ட்டு வாங்கண்ணே" என்றேன். அவருக்குத்தான் ஆச்சரியம். காலை, மதியம், மாலை சுவரில் தண்ணீர் அடிப்பது என் வேலை. தரையில் சாக்கு விரித்து நனைத்து வைத்தேன். ஒரே ஒரு பயம், அவர் வேறு வேலையைப் பிடித்துக்கொண்டு திரும்பாமல் போய்விடுவாரோ என்று. ஆகவே சனிக்கிழமையே போன் செய்து 23-ஆம் நாள் செவ்வாய் காலை என்று உறுதி வாங்கினேன். நாள் எண்ணைச் சொல்லிக் கேட்டதும், "கல்யாணத்துக்கு நாள் குறிக்கிற மாதிரி கேக்கறீங்களே" என்றார். வந்தார்.

நீர்த்தடுப்புக் கோட் இரண்டும் செவ்வாய், புதன். வியாழன், வெள்ளி, சனி காய்ந்தது. சனி மாலை தரை ட்ராப்பின் வாயில் துணியைச் சுருட்டித் திணித்து, மேலே பாலித்தீன் கவர் வைத்து, சுற்றிலும் சிமெண்ட் பூசி அடைத்தோம். வாசலில் செங்கல் வைத்து அணை. மூன்று அங்குலம் தண்ணீர் விட்டுச் சுவரில் பென்சிலால் கோடு போட்டேன். ஒரு வாளியிலும் தண்ணீர் வைத்து அதிலும் கோடு. வெயில் காலத்தில் தண்ணீர் தானாகவே வற்றும். வாளியில் இறங்கிய அளவுதான் தரையிலும் இறங்கியிருந்தால் கசிவு இல்லை என்று அர்த்தம். திங்கள் மாலை, 48 மணி நேரம் கழித்து, இரண்டிலும் கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கியிருந்தது. ஹால் சுவர் அடியில் தாள் ஒட்டி வைத்திருந்தேன், அது மொறுமொறுவென்று இருந்தது. அந்த இரண்டு நாளையும் சுருக்கச் சொல்லிக் கொத்தனார் கேட்டார். ஒரு ராத்திரி நின்றால் போதாதா என்றார். நாள் போதாத நெருக்கடியில் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. இருந்தாலும் மொத்த வேலையும் எதற்காக என்றால் அந்த ஒரு பென்சில் கோட்டுக்காகத்தான். அதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

டைல்ஸ் கதை சுருக்கமாக. திருத்திய படத்தில் டைல்ஸுக்கு 14 நாள் தாராளம் இருந்தது. அம்மாவுக்கு வெளிர் நீலம், தங்கைக்குச் சாம்பல். வீடியோ காலில் ஒரு வாரம் சண்டை போட்டார்கள். நான் தலையிடவில்லை, 14 நாள் இருக்கிறதே. கடைசியில் சாம்பல்தான் ஜெயித்தது, நேரத்துக்கு வந்தும் விட்டது. ஆனால் வெட்டில் சேதாரம் எதிர்பார்த்ததைவிடக் கூடி ஒரு பெட்டி குறைந்துவிட்டது. புதிதாக வாங்கியதில் பேட்ச் எண் வேறு. பக்கத்தில் வைத்தால் ஒரு மாற்றுக் குறைந்த சாம்பல். கதவுக்குப் பின்னால் விழுகிற மாதிரி ஒட்டச் சொன்னேன். தங்கை வந்த அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டாள்.

சுவர் டைல்ஸ் 30-ஆம் நாள்தான் தொடங்கியது. அப்படியே போனால் முடிவு 39-இல் வந்து நிற்கும், முதலில் பயந்த அதே நாள். கொஞ்சம் காசைக் கொடுத்து நாளை வாங்கலாம் என்பது இந்த முறையின் இன்னொரு பாதி. வாக்கரும் கெல்லியும் ஆரம்பத்தில் தேடியதே எந்த வேலையைச் சுருக்கினால் செலவு குறைவு என்பதைத்தான். சிவப்புக் கோட்டில் இல்லாத வேலைக்கு எவ்வளவு கொட்டிக் கொடுத்தாலும் வீண். கோட்டில் இருந்தது சுவர் டைல்ஸ் 3 நாள். இன்னொரு கொத்தனாரை 1,200 ரூபாய்க்கு ஒரு நாள் சேர்த்தால் 2 நாளில் முடியும் என்று கணக்குப் போட்டேன். கொத்தனார் பதில் சொல்லவில்லை. என்னைப் பாத்ரூமுக்குள் கூப்பிட்டு நிற்க வைத்தார். தானும் நின்றார். நடுவில் பசைச் சட்டி, டைல்ஸ் அடுக்கு, ஏணி. "இன்னொருத்தர் எங்க நிப்பார், சொல்லுங்க."

தாளில் இருந்த சீட்டு எல்லாம் ஒரே அளவு. அறை அளவு அதில் எழுதியிருக்கவில்லை. அந்த யோசனையை விட்டேன்.

அப்புறம் கிடைத்தது ஞாயிறு. தரை டைல்ஸ் வெள்ளி ஒட்டி, சனி மிதிக்காமல் விட்டு, ஞாயிறு விடுமுறை போய்த் திங்கள்தான் இடைவெளி அடைப்பு. அந்த அடைப்பை ஞாயிறன்று நானே செய்தேன். ரப்பர் தகடால் குறுக்காக இழுத்து அடைத்து, கால் மணி விட்டு, பிழிந்த பஞ்சால் துடைப்பது. வீடியோவில் பார்த்தால் பத்து நிமிட வேலை. எனக்குக் காலை எட்டிலிருந்து மாலை நாலு. முட்டி வீங்கிவிட்டது. மூலையில் இரண்டு கோடு இன்றைக்கும் கோணல். ஆனால் ஒரு நாள் மிச்சம். திங்கள் பிளம்பர் கிளாசெட் இறக்கினார், முதலில் வாங்கி வைத்த புண்ணியத்தில் குழாய் வாயில் நூல் பிசகாமல் உட்கார்ந்தது. செவ்வாய் சிலிக்கான் காய்கிற நேரத்தில் கதவுக்காரர் கதவை மாட்டிவிட்டுப் போனார். புதன், 38-ஆம் நாள், கழுவித் துடைத்தோம். வியாழன் பெரியம்மா வந்து இறங்கியதும் முதல் வேலையாக உள்ளே போய்விட்டு வந்து, "தண்ணி நல்லா வருது" என்றார்.

ஹால் சுவர் மட்டும் பாக்கி. புதுப் பூச்சு 28 நாள் காய்ந்த பிறகே பெயிண்ட் என்பது பெயிண்ட் கம்பெனிகளே சொல்கிற கணக்கு. 15-ஆம் நாள் பூசியது, 43-ஆம் நாள்தான் அடிக்கலாம். வளைகாப்புக்கு முன் வாய்ப்பே இல்லை. தங்கையை உட்கார வைத்து வளையல் போட்டபோது பின்னால் அம்மாவின் அரக்குப் பட்டுப்புடவை ஒன்றைத் தொங்கவிட்டு மறைத்தோம். போட்டோவில் அது அலங்காரம் மாதிரியே இருக்கிறது.

தாளில் இன்னும் எடுக்காமல் ஒட்டியிருப்பது 'ஹால் பெயிண்ட்' சீட்டு ஒன்றுதான். அதிலிருந்து எந்த அம்பும் வெளியே போகவில்லை. 43-ஆம் நாளும் வந்தது, போனது. தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகிறது. சுவர் இன்னும் சிமெண்ட் நிறத்தில்தான் இருக்கிறது.